காமாலைன்னு சொல்லாத சின்னம்மா

எங்க வம்சத்துல பொம்பளைங்க எல்லாரும் காமாலையிலதான் செத்தாங்க. யாரை வேணா கேளுங்க, அப்படித்தான் சொல்வாங்க. அம்மாவைப் பெத்த ஆயாவுக்கு காமாலை. பெரியம்மாவுக்கு காமாலை. எங்கம்மாவுக்கும் காமாலை. ஒருத்தி கண்ணும் மஞ்சளா ஆனதை எவனும் பாத்ததில்ல. மார்ல கட்டி வந்து, அது ஒடைஞ்சு, மஞ்சளை அரைச்சு வெச்சுக் கட்டி, நாத்தத்துக்கு சாம்பிராணி போட்டு மறைச்சு, கடைசியில எலும்பும் தோலுமா பெட்டியில வெச்சு ஆணி அடிப்பாங்க. அதுக்கப்புறம் வாசல்ல நிக்கிற ஆம்பளைங்க சொல்ற பேருதான் காமாலை. இன்னைக்கு நினைச்சாலும் எனக்கு வயிறு எரியுது.

அந்தப் பேரைச் சொல்லாத ஆளு எங்க குடும்பத்துல ஒண்ணே ஒண்ணுதான். எங்க சின்னம்மா, அம்மாவோட கூடப்பொறந்த தங்கச்சி.

அம்மா செத்த அன்னிக்கு நான் சின்னப் பொண்ணு. கல்மண்டபத்துல ஒரு சந்துல எங்க வூடு. அப்பாவுக்கு ஹார்பர்ல சரக்கு எண்ணி எழுதற வேலை. கூட வேலை செய்றவங்க எல்லாம் வாசல்ல வந்து நின்னாங்க. ஒருத்தர் "இன்னாப்பா ஆச்சு?"ன்னு கேட்டாரு. அப்பா தலையைக் குனிஞ்சுகினு "காமாலை"ன்னாரு. உள்ள அம்மா தலைமாட்டுல உக்காந்திருந்த சின்னம்மா எழுந்து வாசலுக்கு வந்துச்சு.

"யாருக்கு மாமா காமாலை? மார்ல புத்து வந்து செத்துக் கெடக்கறா எங்கக்கா. எங்கம்மாவும் அதுலதான் செத்தா, மூத்தவளும் அதுலதான் செத்தா. செத்தவளுக்கு அவ வியாதியாவது சொந்தமா இருக்கட்டும் மாமா, அதையும் புடுங்கிக்காத."

"வாய மூடும்மே, ரெண்டு பொண்ணுங்க கீது வூட்ல"ன்னு அப்பா பல்லைக் கடிச்சாரு. பொம்பளைங்க நாலு பேரு சின்னம்மாவை உள்ள இழுத்துகினு போனாங்க.

ரெண்டு பொண்ணுங்கன்னா எங்கக்காவும் நானும். எங்களைக் கரையேத்தணுமாம், அதுக்குத்தான் அந்தப் பொய்யாம். புத்துன்னு தெரிஞ்சா எவன் பொண்ணு கேட்டு வருவான்? அப்பா கெட்டவர் இல்ல, பயந்தவர். பயந்தவங்களாலதான் எங்க குடும்பத்துல இவ்ளோ பொணம் விழுந்துச்சுன்னு நான் சொல்றேன். அப்பா உசிரோட இருந்தப்பவே அவர் மூஞ்சிக்கு நேரா சொன்னவதான் நான்.

சின்னம்மா எங்க வூட்டுக்குப் பக்கத்து போர்ஷன்ல தனியா இருந்துச்சு. திருவொத்தியூர்ல ஒரு தீப்பெட்டி கம்பெனியில வேலை. சாயங்காலம் வந்தா மேலெல்லாம் மருந்து நெடி அடிக்கும். புருஷன் கப்பல்ல வேலைக்குப் போனவன். உலகச் சண்டைக் காலத்துல போன கப்பல் திரும்பல. கம்பெனிக்காரன் ஆளு வந்து, "உங்க வீட்டுக்காரர் காணாமப் போயிட்டாரும்மா"ன்னு மரியாதையாத்தான் சொன்னான். "காணாமப் போறதுக்கு அவன் இன்னா குடையா? செத்துட்டான்னு சொல்லேன், வாய் வலிக்குதா?"ன்னு கேட்டுச்சு சின்னம்மா. அன்னிக்கே வெள்ளை கட்டிக்கிச்சு. அழுததெல்லாம் அப்பால, கதவைச் சாத்திகினு.

எதையும் அதோட பேரைச் சொல்லித்தான் கூப்பிடும். எதிர்வூட்டுக்காரர் உடம்பு சரியில்லன்னு படுத்திருந்தா, "சாராயம்னு சொல்லுய்யா, நான் இன்னா போலீஸா?"ன்னு ஜன்னல் வழியாக் கேக்கும். பக்கத்துல எல்லாரும் சிரிப்பாங்க. ஆனா எல்லா நேரமும் சிரிக்க முடியாது. குழாயடியில ஒரு பையன் சின்னம்மா குடத்தைத் தள்ளி வுட்டான்னு, "நீ உங்கம்மா பெத்த புள்ளயே இல்லடா, அநாதை மடத்துலேர்ந்து எடுத்தாந்தவன்"னு அத்தனை பேர் எதிர்ல சொல்லிடுச்சு. அந்தப் புள்ளைக்கு அது வரைக்கும் தெரியாது. அவன் மூஞ்சி போன போக்கை நான் பாத்தேன். அவனை வளத்த அந்தம்மா அன்னியிலேர்ந்து எங்க சந்துப் பக்கமே திரும்பல. "உண்மையத்தானடி சொன்னேன்"னு சின்னம்மா எங்கிட்ட சொல்லுச்சு. உண்மைதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா அது சின்னம்மாவோட உண்மை இல்ல, அந்தப் புள்ளயோடது. இந்த வித்தியாசம் அதுக்குக் கடைசி வரைக்கும் புரியல.

நான் தாவணி போட்ட காலத்துல பெரியம்மா மவ ஒருத்தி ஆஸ்பத்திரியில போய்ப் படுத்தா, அதே கட்டிதான். அங்க ஒரு டாக்டர் இருந்தாரு, சின்ன வயசு, சீமைக்குப் போய் படிச்சுட்டு வந்தவரு. ஒரே குடும்பத்துல திரும்பத் திரும்ப வர்ற வியாதிங்களைப் பத்தி ஆராய்ச்சி பண்றாருன்னு சொன்னாங்க. அவரு ஆஸ்பத்திரியோட நிக்காம சொந்தக்காரங்க வூடு வூடா வந்து விசாரிச்சாரு. எங்க வூட்டுக்கு வந்தப்ப சின்னம்மா கம்பெனியில இருந்துச்சு.

பெரிய காயிதம் ஒண்ணை விரிச்சு வெச்சாரு. ஆம்பளைன்னா ஒரு கட்டம், பொம்பளைன்னா ஒரு வட்டம். புத்து வந்தவங்க வட்டத்துல மையைப் போட்டு கருப்பா ரொப்பிடுவாரு. நானும் அக்காவும் கதவுக்குப் பின்னாடி நின்னு எட்டிப் பாத்தோம். கீழ ஓரமா எங்களுக்கும் ரெண்டு வட்டம் போட்டிருந்தாரு.

"உங்க வீட்டம்மா எதுல இறந்தாங்க?"ன்னாரு. அப்பா "காமாலை சார்"ன்னாரு. "மாமியார்?" அவங்களும் காமாலை. "மாமியாரோட மூத்த பொண்ணு?" அதுவும் காமாலைதான்னாரு. டாக்டர் நிமிந்து பாத்தாரு. "எல்லாருக்குமேவா?" அப்பா கொஞ்சம்கூடத் திணறல. "இந்தப் பக்கம் தண்ணி கலீஜ் சார்"ன்னாரு.

அதை அந்த மனுஷன் நம்பிட்டாரு! இத்தனை படிச்சவரு நம்பிட்டாரு. வட்டத்தை எல்லாம் வெள்ளையாவே வுட்டுட்டு, "இது உங்க குடும்பத்துல வர்ற வியாதி இல்ல, அந்தப் பொண்ணுக்குத் தனியா வந்தது. தண்ணியை நல்லாக் காய்ச்சிக் குடிங்க"ன்னு சொல்லிட்டுப் போனாரு. சேதி பரவி சந்து பூராவும் தண்ணி காய்ச்சுச்சு. சாயங்காலம் சின்னம்மா வந்து, இன்னாடி எல்லா வூட்லயும் அடுப்பு எரியுதுன்னு கேட்டுச்சு. சொன்னோம். எங்க அடுப்புல இருந்த தண்ணிச் சட்டியை எடுத்துகினு போய் சாக்கடையில ஊத்திட்டு, அதோட போர்ஷனுக்குப் போயிடுச்சு.

இதெல்லாம் ஆகி கொஞ்ச நாள்லதான் அக்காவுக்கு இடம் குதிர்ந்துச்சு. மாப்பிள்ளை ராயபுரம் ரயில்வேல பிட்டர், எங்க மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவன்தான். பூசையில ஆம்பளைங்க பக்கம் நின்னுகினு, முக்காட்டுக்குள்ள அக்கா மூஞ்சி தெரியுதான்னு கழுத்தை நீட்டிப் பாப்பான். அக்காவுக்கும் அவன் மேல உசிரு. அம்மா போனதுலேர்ந்து சிரிப்பையே மறந்திருந்த பொண்ணு, அப்பதான் பாட்டை முணுமுணுத்துகினு வூடு பெருக்குச்சு.

கல்யாண ரவிக்கை தைச்சு வந்துச்சு. போட்டுப் பாருடின்னு சின்னம்மா குண்டூசி வெச்சு அளவு பாத்துச்சு. இடது பக்கம் கை பட்டதும் அக்கா வெடுக்குனு விலகுச்சு. சின்னம்மா கையை எடுக்கல, அமுக்கிப் பாத்துச்சு. உள்ள புளியங்கொட்டை கணக்கா ஒண்ணு.

"எத்தினி நாளா கீது?"

"தெர்ல சின்னம்மா. வலிக்கல. கொசு கடிச்ச கட்டியா இருக்கும்."

சின்னம்மா தரையில உக்காந்துடுச்சு. வாயில கவ்வியிருந்த குண்டூசிங்களை ஒவ்வொண்ணா எடுத்துக் கீழ வெச்சுச்சு.

அப்பா வூட்டுக்கு வந்ததும் சண்டை. "டாக்டரே வந்து பாத்து, இது நம்ம குடும்ப வியாதி இல்லன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. நீ இன்னா டாக்டருக்கு மேல படிச்சவளா?"ன்னு அப்பா கத்துனாரு. கேட்டீங்களா நியாயத்தை! இவரு சொன்ன பொய்யை அந்த டாக்டர் திருப்பிச் சொல்லிட்டுப் போனாரு. இப்ப அதையே இவரு சாட்சியா நிறுத்தறாரு. வெறும் வேஷம்னு நினைக்காதீங்க, அந்த ஆளு மனசார நம்புனாரு. சொல்லிச் சொல்லி அவருக்கே அது நெசமாயிடுச்சு.

மறுநாள் சின்னம்மா கம்பெனிக்கு லீவு போட்டுட்டு நேரா அந்த டாக்டர்கிட்ட போச்சு. எல்லாத்தையும் சொல்லிடுச்சு. திரும்பி வந்து எங்க ரெண்டு பேரையும் உக்கார வெச்சு சொல்லுச்சு.

"அதே காயிதத்த எடுத்தான்டி. நான் சொல்லச் சொல்ல எங்கம்மாவ கருப்பாக்குனான். மூத்தவள கருப்பாக்குனான். உங்கம்மாவ கருப்பாக்குனான். அந்த ஆளுக்கு மூஞ்சி பூரா சந்தோசம், புதையல் எடுத்தாப்புல. அப்பால இவ வட்டத்து மேல பேனாவ வெச்சுகினு, 'இந்தப் பொண்ண ஒடனே இட்டாங்கம்மா, ஒரு வாரம்கூட தள்ளாதீங்க'ன்னான்." அக்கா கையைப் புடிச்சுக்கிச்சு. "வாடி, நாளைக்கே போலாம்."

அக்கா கையை உருவிக்கிச்சு. "கல்யாணம் ஆவட்டும் சின்னம்மா. ஆனதும் நானே அவருகிட்ட சொல்லிப் போறேன்."

"கல்யாணம் ஆனா புள்ளத்தாச்சி ஆவே. அவன் வூட்ல ஆஸ்பத்திரிக்கு வுடமாட்டாங்க. உங்கம்மா கதைதான்டி ஆவும்."

"ஆவட்டும். கொஞ்ச நாளாவது அவரோட இருந்துட்டுப் போறேன்."

இதை நல்லா கேட்டுக்குங்க. அக்கா வேணாம்னுச்சு. எதுவும் தெரியாம சொல்லல, தெரிஞ்சேதான் சொல்லுச்சு. அதோட உடம்பு, அதோட கல்யாணம், அது வேணாம்னுச்சு.

எங்கள்ல கல்யாணத்துக்கு முந்தி மூணு ஞாயித்துக்கிழமை கோயில்ல ஓலை வாசிப்பாங்க. இன்னாரு மகனுக்கும் இன்னாரு மகளுக்கும் கல்யாணம், இதுக்கு விக்கினம் ஏதும் தெரிஞ்சவங்க வந்து சொல்லணும், சொல்லாம மறைச்சா பாவம்னு சாமியார் சொல்வாரு. வேற பொண்டாட்டி இருக்கா, தடை உள்ள சொந்தமான்னு தெரிஞ்சுக்கறதுக்காக. யாரும் எதுவும் சொன்னதா நான் கேட்டதில்ல. மொத ஓலை வாசிச்சப்ப சின்னம்மா அக்காவையே பாத்துகினு இருந்துச்சு. மூணாவது ஓலைக்கு முந்தின நாள் வரைக்கும் அக்கா கால்ல விழாத குறையா கெஞ்சுச்சு. அக்கா அசையல.

மூணாவது ஓலை வாசிச்சு முடிச்சதும், பொம்பளைங்க பக்கத்துல சின்னம்மா எழுந்து நின்னுச்சு.

"விக்கினம் கீது சாமி."

நான் அது முந்தானையைப் புடிச்சு இழுத்தேன். உதறிடுச்சு.

"பொண்ணுக்கு மார்ல கட்டி கீது. அவ அம்மா, அவ பெரியம்மா, அவ ஆயா எல்லாரும் புத்துலதான் செத்தாங்க. காமாலைன்னு சொன்னதெல்லாம் பொய்யி. மொத ஆஸ்பத்திரிக்குப் போவட்டும், அப்பால தாலி கட்டட்டும்."

சாமியாருக்கு வேர்த்துக் கொட்டுச்சு. "அம்மா, இது விக்கினம் இல்லம்மா. திருச்சபைச் சட்டப்படி வியாதி கல்யாணத்துக்குத் தடை இல்ல, உக்காரு"ன்னாரு.

"அப்ப எது சாமி விக்கினம்? பொண்ணு செத்தாத்தான் விக்கினமா?"

மாப்பிள்ளையோட அம்மா எழுந்து முக்காட்டை இழுத்து வுட்டுகினு வெளிய போனாங்க. பின்னாலயே அவங்க ஆளுங்க எல்லாம். மாப்பிள்ளை கொஞ்ச நேரம் நின்னான். அவனும் போயிட்டான். தூ, அவனும் ஒரு ஆம்பளை! அக்கா மண்டி போட்டபடியே இருந்துச்சு. திரும்பிப் பாக்கல.

அதுக்கப்புறம் ஊரு எங்களுக்கு வெச்ச பேரு 'புத்து வூட்டுப் பொண்ணுங்க.' குழாயடியில எங்க குடத்துக்கு அடுத்து குடம் வைக்க மாட்டாளுங்க. ஒட்டிக்குமாம்! தண்ணியில வந்த காமாலைன்னப்ப கூட நின்னு தண்ணி காய்ச்சுனவளுங்கதான், புத்துன்னதும் ஓடுனாளுங்க. பெரியம்மா வூட்ல மிச்சமிருந்த ரெண்டு பொண்ணுங்களுக்குப் பேசி வெச்சிருந்த இடமும் போச்சு. அவங்க எங்க வாசல்ல வந்து மண்ணை வாரித் தூத்துனாங்க. எனக்கு அது வரைக்கும் நாலு இடத்துலேர்ந்து விசாரிச்சுகினு இருந்தாங்க. அன்னியோட சரி, அதுக்கப்புறம் எங்க வாசப்படியை பொண்ணு கேட்டு ஒருத்தனும் மிதிக்கல. நான் இப்படியே நின்னுட்டேன். சின்னம்மா அக்காவைப் பத்தி மட்டும் சொல்லல, எங்க எல்லாரைப் பத்தியும் சொல்லிடுச்சு. ஒரே ரத்தம்னா ஒருத்தியைச் சொன்னா அத்தனை பேரையும் சொன்ன கணக்குத்தானே! எங்கள்ல ஒருத்தியையாவது கேட்டுதா?

காப்பாத்த வேண்டிய கல்யாணம் இல்லன்னு ஆனதும் அப்பா தடுக்கல, கூடவும் வரல. சின்னம்மாவும் நானும்தான் அக்காவை இட்டுகினு போனோம். ஒரு பக்கத்தை முழுசா எடுத்தாங்க. அது புத்துதான்னு சோதனையில தெரிஞ்சுச்சு. "இன்னும் பரவல. கல்யாணம் முடிஞ்சு வந்திருந்தா நான் கத்தியையே எடுத்திருக்க மாட்டேன்"னு டாக்டர் சொன்னாரு. சின்னம்மா அக்கா பக்கம் திரும்புச்சு. அக்கா சொவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிச்சு.

டாக்டர் எங்க எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சு ரத்தம் எடுத்தாரு, பாட்டன் பூட்டன் வரைக்கும் கேட்டு எழுதிக்கினாரு. அப்புறம் மறுபடியும் சீமைக்குப் போயிட்டாரு. அங்க பெரிய சபையில எங்க குடும்பத்தைப் படமா மாட்டிப் பேசுனாராம். ஆஸ்பத்திரியில ஒரு நர்சம்மா பெருமையா சொன்னாங்க. இருக்கட்டும். எனக்கு வருமா, வராதான்னு ஒரு வார்த்தை எங்கிட்ட சொன்னாரா? அவருக்கு அடுத்து அந்த நாற்காலியில வந்து உக்காந்தவரு, நீங்க யாருன்னு கேட்டாரு. எங்க ரத்தம் இன்னா ஆச்சுன்னு எங்களுக்கு இன்னைக்கும் தெரியாது. தினம் குளிக்கும்போது நானே அமுக்கிப் பாத்துக்கறேன்.

அக்கா வூட்டுக்கு வந்த பின்னாடி சின்னம்மாகிட்ட பேச்சே இல்ல. சின்னம்மா கஞ்சி வெச்சுக் கொண்டாரும், அக்கா எங்கிட்ட "அங்க வெச்சுட்டுப் போவச் சொல்லு"ங்கும். இப்படியே போச்சு. ஒரு நாளு குழாயடியிலேர்ந்து சின்னம்மா குடத்தைத் தூக்கிகினு வரும்போது வாசல்லயே குடத்தைப் போட்டுட்டு உக்காந்துடுச்சு. வெள்ளைப் புடவையில, மாருக்கு நேரா, ஈரமா ஒரு கறை. தண்ணி இல்ல அது.

அக்காதான் மொதல்ல பாத்துச்சு. உள்ள இழுத்துகினு போய் ரவிக்கையை அவுத்துச்சு. நான் மூஞ்சியைத் திருப்பிக்கினேன்.

"எத்தினி நாளா?"ன்னு கேட்டுச்சு அக்கா. அத்தனை மாசத்துக்கு அப்புறம் பேசுன மொத வார்த்தை அது.

சின்னம்மா தோளைப் புடிச்சு அக்கா உலுக்குச்சு.

"கோயில்ல எழுந்து நின்னியே, அப்பவே கீதா இது? சொல்லு! என்னை ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனப்ப கீதா?"

"கீதுடி."

"ஊர்ல கீற வியாதிய எல்லாம் பேர் சொல்லிக் கூப்ட்டியே, உன்னுத ஏன்டி சொல்லல? என்னை அந்த மேசையில படுக்க வெச்சியே, நீ ஏன்டி படுக்கல?"

சின்னம்மாவை அக்கா 'டி' போட்டுப் பேசுனது அன்னிக்குத்தான். சின்னம்மா குழந்தை மாதிரி முந்தானையால வாயை மூடிக்கிச்சு.

"பயம்டி. கத்தின்னா எனக்கு பயம்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் குடத்தை எடுத்து அது தலையிலயே போடணும் போல இருந்துச்சு. எங்களை எல்லாம் நடுத்தெருவுல நிறுத்துன மனுஷிக்கு பயமாம். நான் வெளிய வந்து சந்துமுனையில நின்னு அழுதேன். பயம் எங்க எல்லாருக்கும்தான் இருந்துச்சு, அதை யாரு கேட்டாங்க?

ஆஸ்பத்திரியில கை வைக்க முடியாதுன்னு அனுப்பிட்டாங்க. அக்காதான் பாத்துக்கிச்சு. எடுத்த பக்கத்துக் கை சரியா மேல தூக்க வராது. அந்தக் கையாலயே சின்னம்மாவைத் திருப்பிப் போட்டு, கழுவி, துணி மாத்தும். மாத்தும்போதெல்லாம் திட்டும். "பேமானி, நேரத்துக்குப் போயிருந்தா இப்படி நாறிகினு கெடப்பியா?" "யாரைக் கேட்டு என் கல்யாணத்த ஒடைச்சே, சொல்லு?" கேக்கறவங்களுக்கு சண்டை மாதிரி இருக்கும். சின்னம்மா எதுத்துப் பேசாம கேட்டுக்கும்.

கடைசியில பேச்சு கொறைஞ்சு போச்சு. ஒரு மத்தியானம் அக்கா கஞ்சி ஊட்டும்போது சின்னம்மா வாயைத் தொறக்காம அக்காவையே பாத்துகினு இருந்துச்சு.

"எம்மேல இன்னும் கோவமாடி?"

"ஆமா."

"நான் செத்தாலுமா?"

"செத்தாலும் கோவம்தான். வாயத் தொற, கஞ்சி ஆறுது."

சின்னம்மா வாயைத் தொறந்துச்சு.

அந்த வாரமே அது போயிடுச்சு. அக்கா அதுக்கப்புறம் ரொம்ப வருஷம் இருந்துச்சு, தலை பூரா நரைச்சு, கண்ணாடி போட்டுகினு, பல்லு வுழுந்து. எங்க குடும்பத்துல ஒரு பொம்பளைக்குத் தலை நரைச்சு நான் பாத்தது அதுதான் மொத தடவை. சொன்ன சொல்லு மாறாம, கடைசி வரைக்கும் சின்னம்மா மேல கோவமாத்தான் இருந்துச்சு.